கார்டும் கொலுசும்

கவிப்ரியா பல்பொடியைத் தொட்டுப் பாப்பாவின் கொலுசைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளறையில் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. அங்கே அவள் புருஷன் ஹரிஹரன் வேலை செய்துகொண்டிருந்தான். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தமே அவளுக்குப் போதுமாக இருந்தது. திரையில் முதலில் பச்சைப் புள்ளிகள் வரும், பிறகு குறுக்குக் கோடுகள், பிறகு இருட்டு. ஆடி மாதத்தில் எப்போதாவது வந்தது, இப்போது காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று வேளை வைத்து வருகிறது.

ஹரிஹரன் ஷூக்களைப் படமாகச் செய்கிறவன். ஆம்பூர் கம்பெனிகளில் ஒரு ஷூவைத் தைப்பதற்கு முன்னால் அது கம்ப்யூட்டரில் பிறந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர் அதைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாக்கை நீட்டு, குதியைக் குறை என்பார். தோலின் ரேகை, மடிப்பில் விழும் வெளிச்சம், ஊசித் துளை எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும். ஹரிஹரன் செய்த ஷூவைப் பார்த்தால் தொடத் தோன்றும். நாற்றம் மட்டும்தான் இருக்காது. நாற்றத்துக்கு அந்த வீட்டில் குறைவும் இல்லை. சன்னலுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் டேனரியின் கால்வாய். சுண்ணாம்பும் ரோமமும் கழுவின தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போகும். ஹரிஹரனின் அப்பா அந்த டேனரியில் தோல் சுரண்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. கல்யாணமாகி வந்த புதிதில் கவிப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் மூக்கு பழகிவிட்டது. குடியாத்தத்திலிருந்து அக்கா வரும்போது, வாசலிலேயே முந்தானையால் மூக்கை மூடுவதைப் பார்த்துத்தான் இவளுக்கு ஞாபகம் வரும்.

கார்டு என்று அவன் சொல்வது கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும் ஒரு சின்னப் பலகை. படத்தை வரைந்து உருட்டிக் காட்டுவது அதன் வேலை. அவனுடையது யாரோ பெங்களூர்க்காரர் கழித்துக் கொடுத்தது. மாற்றுவதா, இன்னும் பொறுப்பதா என்று பொங்கலிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்தான். புதிது ஒன்று வரப்போகிறது, வந்தால் இருப்பதன் விலை இறங்கும் என்று பொறுத்தான். விலை ஏறியது. ஏறினது இறங்காமலா போய்விடும் என்று மறுபடியும் பொறுத்தான். சாப்பிடும்போதும் போனில் அதையே பார்ப்பான். கவிப்ரியா வேலைக்குப் போகும் ஷூ கம்பெனியில், தையல் லைனில் உட்கார்ந்து ஓரம் மடித்து ஒட்டும்போது, அந்தக் கார்டின் பெயரும் நம்பரும் அவள் வாயில் தானாக வரும். யாரோ பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டின் பெயரைப் போல.

இதற்கு நடுவில்தான் பாப்பாவுக்கு இளைப்பு கண்டது. மூன்றரை வயதுக் குழந்தை, விடிந்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். ஆஸ்பத்திரியில் புகைமாதிரி மருந்து இழுக்கிற மிஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். பாப்பா முகமூடியைப் பிடுங்கிப் போடும். ஹரிஹரன்தான் மடியில் உட்காரவைத்து, லாரி மாதிரி உறுமிக் காட்டி, அதை மூக்கில் வைத்துப் பிடிப்பான். அவன் இல்லாவிட்டால் மருந்து பாதி காற்றில்தான் போகும்.

பாப்பாவின் காலில் கொலுசு வேறு கறுத்துக்கொண்டே இருந்தது. வெள்ளி கறுத்தால் உடம்பில் சூடு என்று அந்தத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். எதிர்வீட்டு சுகரா பேகம் பாப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சூடு ஜாஸ்திமா இதுக்கு. நல்லா எண்ண வெய்யி" என்றாள். கவிப்ரியா எண்ணெய் வைத்தாள். வாரத்துக்கு ஒருமுறை வைத்ததை இரண்டாக்கினாள். மோர் கொடுத்தாள், இளநீர் கொடுத்தாள். தலை முழுகின மறுநாள் விசில் கூடுதலாகக் கேட்கும். சூடு வெளியே போகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புரட்டாசியில் ஒரு கம்பெனி பூட்ஸ் வரிசை முழுவதையும் ஹரிஹரனிடம் கொடுத்தது. இதுவரை வந்ததில் பெரிய வேலை. இனிமேல் பொறுக்க முடியாது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி வண்டியின் முன்னால் வைத்து, பின்னால் அவளையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு தன்சீல் அகமதுவின் ரிப்பேர் கடைக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். தன்சீல் மூடியைக் கழற்றிக் கார்டை வெளியே எடுத்தான். தூசியை ஊதிவிட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். செம்பு தெரிய வேண்டிய இடமெல்லாம் அடுப்புக்கரி பூசினமாதிரி கறுத்திருந்தது.

ஹரிஹரன், நாள் பூராவும் ஓடுகிறதல்லவா, சூட்டில் கருகியிருக்கும் என்றான்.

"தோஸ்த், பரண்மேல ஒண்ணு வெச்சிருந்தியே, எடுத்தாந்தியா?" என்று தன்சீல் கேட்டான்.

அது எப்போதோ உதிரிக்கு ஆகுமென்று வாங்கி, ஒருநாளும் மாட்டாமல் கவரோடு கிடந்த கார்டு. தன்சீல் அதைப் பிரித்து முதல் கார்டின் பக்கத்தில் வைத்தான். அதிலும் அதே கறுப்பு.

"இது ஒரு நாள் கூட ஓடல. இதுக்கு எங்கேர்ந்து சூடு வந்தது?" என்றான். "உங்க தெருவுலேர்ந்து வர்ற டிவி, ஏசி, எல்லாத்துலயும் இந்தக் கறுப்புதாண்டா. அந்தக் கால்வாய்க் காத்து தின்னுது. புதுசு வாங்கி அங்க வெச்சாலும் வருசம் தாங்காது."

ஹரிஹரன் அடுத்து என்ன செய்வது என்று கேட்கத் தொடங்கினான். கவிப்ரியாவுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. மடியில் இருந்த பாப்பாவின் காலைப் பார்த்தாள். காலையில் தேய்த்த கொலுசு. திருகாணி ஓரத்தில் மறுபடியும் மஞ்சள் ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவை இறக்கிவிட்டு நேரே பீரோவைத் திறந்தாள். அம்மா சீராகக் கொடுத்த வெள்ளிக் குங்குமச்சிமிழ், கடையில் கொடுத்த சிவப்புப் பெட்டியோடு புடவைக்கு அடியில் இருந்தது. ஒருநாளும் எடுத்துப் புழங்கியதில்லை. பெட்டியைத் திறந்தாள். சிமிழ் நவ்வாப்பழம் மாதிரி கறுத்திருந்தது.

அவள் பீரோவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம்மா, வேண்டாம்மா என்று திமிறின பாப்பாவின் தலையை முட்டிக்கு நடுவில் அமுக்கிப் பிடித்து எண்ணெய் வைத்த கை இரண்டும் மடியில் கிடந்தன.

சாயங்காலம் அவனிடம் சொன்னாள். "ஏங்க, கார்டு வேணாங்க. அந்தக் காசுல குடியாத்தத்துல ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போய்டலாம். கம்பெனி பஸ் அங்கயும் வருது."

"போய்ட்டு?" என்றான் அவன். கோபமில்லை, நிஜமாகவே கேட்டான். "கார்டு இல்லன்னா வேல இல்ல கவி. வேல இல்லன்னா அந்த வீட்ல எத்தினி மாசம் இருப்போம்? இந்த ஆர்டர் முடியட்டும். முடிஞ்சா நானே வண்டி புடிச்சி சாமான ஏத்தறேன். கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். பாப்பா பொறுக்குமா?"

பாப்பாவின் மருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஹரிஹரன் எழுந்து போய் மிஷினை எடுத்துவந்தான். அன்றைக்கு லாரி உறுமவில்லை. பாப்பாதான் தானே உறுமிக்கொண்டு முகமூடிக்கு மூக்கைக் கொடுத்தது.

கார்டு வந்தது. கூடவே தன்சீல் சொன்ன ஏற்பாடும் வந்தது. உள்ளறையின் மூலையில் அலுமினியமும் கண்ணாடியும் வைத்து ஒரு கூண்டு மாதிரி அடைத்தார்கள். அதற்கு மட்டும் சின்னதாக ஒரு ஏசி, காற்றை வடிகட்டிவிட ஒரு கரிப்பெட்டி, கதவு ஓரமெல்லாம் ரப்பர். இதை அடிக்கடி திறக்காதே, வேலை செய்கிற ஆள் மட்டும் போய் வந்தால் போதும், மூச்சுக்காற்றில் இருக்கிற ஈரமும் நல்லதில்லை என்று தன்சீல் சொல்லிவிட்டுப் போனான். புதுக் கார்டு சத்தமே இல்லாமல் ஓடியது. திரையில் பழுப்பு பூட்ஸ் ஒன்று மெதுவாகச் சுழன்றது.

கவிப்ரியா பாப்பாவின் கொலுசு இரண்டையும் கழற்றிப் பல்பொடி போட்டுத் தேய்த்தாள். இரண்டும் ஒரே வெளுப்பாக வந்தபின், ஒன்றைக் கூண்டுக்குள் ஆணியில் மாட்டினாள். இன்னொன்றைச் சன்னல் கம்பியில் கட்டினாள். ஹரிஹரனுக்கு அது பிடித்திருந்தது. கூண்டு சரியாக அடைத்திருக்கிறதா என்று தெரிந்துபோகும், நல்ல யோசனை என்றான்.

சன்னல் கொலுசு முதலில் வைக்கோல் நிறமானது. பிறகு டீ நிறம். அப்புறம் முத்துகளுக்கு நடுவில் கறுப்பு இறங்கி, சலங்கை வாய்வரைக்கும் வந்தது. உள்ளே இருந்தது கடையில் வாங்கின அன்றைக்கு இருந்தமாதிரியே இருந்தது. ஹரிஹரன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து தன்சீலுக்கு அனுப்பினான். கார்டு பிழைத்துக்கொண்டது பாய் என்று போனில் சொல்லும்போது அவன் குரலில் பல மாதமாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது. கவிப்ரியா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பாப்பாவுக்கு விடியற்காலையிலிருந்தே விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஹரிஹரன் பூட்ஸின் கடைசிப் படத்தை ஓடவிட்டு, தோல் சாம்பிள் வாங்கக் கம்பெனிக்குப் போயிருந்தான். அந்தப் படம் உருவாகி முடிய, கம்ப்யூட்டர் சாயங்காலம் வரை நிற்காமல் ஓட வேண்டும்.

அவன் திரும்பி வந்தபோது கூடத்தில் பாயைக் காணோம். உள்ளறைக்குப் போனான். கூண்டுக்குள், கம்ப்யூட்டரின் காலடியில் பாயை விரித்து, கவிப்ரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாப்பா அவள்மேல் சாய்ந்து, கொலுசில்லாத காலைத் தூக்கி, திரையில் சுழலும் பூட்ஸுக்கு நேராக நீட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரமாக உள்ளேதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. தண்ணீர்ச் சொம்பு, தலையணை, மருந்து மிஷின் எல்லாம் உள்ளே போயிருந்தன.

ஹரிஹரன் சாம்பிள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்தான். கவிப்ரியா அவனைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. பாப்பா அப்பாவைக் கண்டதும் உருண்டு வந்து கண்ணாடியில் முகத்தை அழுத்தி, லாரி மாதிரி வாயைக் குவித்தது. ரப்பர் வைத்து அடைத்த கதவு, சத்தம் வெளியே வரவில்லை. அந்த வாய்க்கு நேராகக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒரு சின்ன வட்டம் விழுந்தது, சுருங்கியது, மறுபடியும் விழுந்தது. அவன் கைப்பிடியை விடாமல், அதைத் திருப்பாமல், அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.