மாமா தண்ணீர் குடிப்பதில்லை

மாமாவின் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்கு வாங்கிக்கொண்டார். டம்ளரோடு அடுப்படிக்குப் போனவள், மாத்திரை கொடுக்க மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். தோளில் கிடந்த துண்டை வாயோரம் இழுத்துவைத்து, வாயில் அடக்கியிருந்த தண்ணீரை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும். அந்த ஒற்றைக் கையால், படுக்கையில் ஒரு சொட்டும் படாமல், அத்தனை கவனமாக.

"என்னா மாமா பண்றீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரமாக வாளியில் அவருடைய மூத்திரத் துணி குறைந்திருந்ததை நான் கவனித்திருந்தேன். கவனித்து, சந்தோஷப்பட்டும் இருந்தேன். கறை மட்டும் தேயிலைச் சாயம் போல இருந்தது. புது மாத்திரையின் வேலை என்று நினைத்தேன்.

"குடிச்சாதானம்மா வரும்" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அவர் பேச்சு இந்த வீட்டில் எனக்குத்தான் முழுசாகப் புரியும். "வந்தா நீதான அள்ளிகினு போற. ஒங் கையப் பாத்தேன்."

என் கையை நானே அப்போதுதான் பார்த்தேன். நகக்கண்கள் வெடித்து, விரலிடுக்குகள் வெள்ளையாக ஊறிப்போய், வேறு யாருடைய கையையோ மணிக்கட்டில் தைத்துவிட்டது போல இருந்தது. அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மாமாவின் மேல் அல்ல.

மாமாவின் மகன், என் கணவர் செங்குட்டுவனுக்கு மைன்ஸில் பம்ப் செக்‌ஷன். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்று பொங்கி மேலே வந்துவிடாமல் ராத்திரி பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில், எங்கள் பம்ப் ஒரு நிமிஷம்கூட நிற்காது என்று மார் நிமிர்த்திச் சொல்வார். நானும் வாய் பிளந்து கேட்பேன். அதே மனிதர் இப்போது நான் குளிக்கும்போது கதவைத் தட்டி, "எத்தனாவது வாளி?" என்று கேட்கிறார். செக்‌ஷனில் சுற்றுச்சூழல் தினத்துக்குப் பேசிப் பரிசு வாங்கியதில் ஆரம்பித்தது. பிறகு 'பசுமைக் கரங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. வாஷிங் மெஷினின் ஒயரைச் சுருட்டிக் கட்டினார். சோப்புத் தூளுக்குப் பதில் பூந்திக்கொட்டை வந்தது. அதை ஊறவைத்துக் கசக்கி வடிகட்டுவது நான். மாமா படுக்கையில் விழுந்தபோது, டயாப்பர் மட்கப் பல நூறு வருஷம் ஆகும் என்றார். பழைய வேட்டிகளைக் கிழித்து அடுக்கினார். கிழித்ததோடு அவர் பங்கு முடிந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. மந்தாரக்குப்பம் போகும் வழியில் குப்பைமேட்டில் டயாப்பரை நாய் இழுத்துக்கொண்டு ஓடுவதை நானும் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். மண்ணின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. குறிஞ்சிப்பாடியில் நான் பிறந்த வீட்டில் குப்பை சேரும் அளவுக்குப் பொருளே இருந்ததில்லை. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் பூமியைக் காப்பாற்றுவது என்று இவர் முடிவெடுக்கும்போதெல்லாம் ஏன் என் மணிக்கட்டு வலிக்கிறது?

இவர் குழுவில் போட்டோ போடும் விஷயத்தைச் சொன்னது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செசிலியா. அவள் கணவரும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

"பொற்கொடிக்கா, ஒங்க வூட்டுக் கொடி உலகப் புகழ் ஆயிடுச்சி" என்று போனை நீட்டினாள்.

எங்கள் பின்கட்டு. கொடியில் மாமாவின் துணிகள் வரிசையாகக் காய்கின்றன. எத்தனை தேய்த்தும் போகாத மஞ்சள் திட்டுகள்கூடத் தெரிகின்றன. கீழே, 'எங்கள் இல்லத்திலிருந்து இன்றுவரை ஒரு டயாப்பர்கூடக் குப்பைக்குச் சென்றதில்லை.' அதற்குக் கீழே கை தட்டும் படங்கள்.

"அடுத்து ஒங்க மாமனார் கோவணத்துக்குத் தனியா ஒரு போட்டோ வரும் பாருங்க" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "சும்மா சொன்னேங்க்கா."

மாமா துண்டில் தண்ணீரை விட்டதைப் பார்த்த அன்று சாயங்காலமே மந்தாரக்குப்பம் மெடிக்கலுக்குப் போய் ஒரு பாக்கெட் டயாப்பர் வாங்கி வந்தேன். மாமாவிடம் காட்டினேன். சின்னப் பிள்ளைக்குச் சட்டை காட்டுவது போல. அவர் இடது கையால் தடவிப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீரும் உள்ளே போயிற்று.

மறுநாள் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது என் கணவர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பொறுமையாக, பாடம் நடத்துகிற குரலில், "நீயே இப்பிடிப் பண்ணா நான் குரூப்புல எப்பிடிப் பேசறது?" என்றார்.

"ஒங்கப்பா தண்ணி குடிக்கறத நிறுத்திட்டாருங்க. மூத்திரம் எப்பிடிப் போவுதுன்னு வந்து பாத்தீங்களா?"

"வயசானா தாகம் குறையும். நீ எடுத்துச் சொல்லிக் குடுக்கணும்."

போகிற வழியில் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரித்த பாக்கெட்டை எடுத்துக்கொள்ள மாட்டார்களே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படியோ பேசியிருக்கிறார். பேச அவருக்குத் தெரியும்.

அன்றோடு நான் துவைப்பதை நிறுத்தினேன். மாமாவை நனைந்தபடி விடவில்லை. நேரத்துக்குத் துடைத்தேன், மாற்றினேன். அடுக்கியிருந்த துணிகள் தீர்ந்ததும் என்னுடைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்தேன். நனைந்தவை எல்லாம் பின்கட்டில் கொய்யா மரத்தடி வாளியில் சேர்ந்தன. வீட்டில் நடப்பதைப் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த மாமா, உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஸ்பூனில் கொடுத்தாலும் வழிந்தது. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் மூக்கில் ட்யூப் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தினேன். "போடட்டும். ஒனக்கு வேல மிச்சம்" என்றார். நாக்கு காய்ந்து, சொற்கள் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் வாசலைப் பெருக்கினார். காய்கறிக் கழிவு மட்கும் பானைகளைத் துடைத்து வரிசையாக வைத்தார். குழுவிலிருந்து நாலைந்து பேர் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பின்கட்டுக்குப் போனவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஏன் இன்னும் தொவைக்கல? அவங்க வர்ற நேரமாச்சி."

"நீங்க தொவைங்க."

"நானா?"

"ஒங்கப்பா துணி. ஒங்க கொள்கை."

"ஷிப்ட் போயிட்டு வரவன்கிட்ட பேசற பேச்சா இது?"

"எனக்கு எந்த ஷிப்டுங்க முடிஞ்சிது?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்க தொவைக்கக்கூட வேணாம். மொதல்ல உள்ள போயி அவரு கிட்டச் சொல்லுங்க. நான் தொவைக்கிறேம்ப்பா, நீ குடின்னு. ஒரே ஒரு வாட்டி."

"பெத்த அப்பன் கிட்டப் போயி மூத்திரத் துணியப் பத்தி எப்பிடிப் பேசறது? கூச்சமா இருக்காதா?"

"போட்டோ போடறப்ப அந்தக் கூச்சம் எங்க போச்சி?"

கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. "சார், உள்ள வரலாமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவர் முகம் சட்டென்று சிரித்த முகமாக மாறியது. அந்தச் சிரிப்போடே என் பக்கம் குனிந்து, "அந்த வாளிய மட்டும் மூடிப்போட்டு மறைச்சிடு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

நான் நகரவில்லை. எனக்கு இப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில், அந்தப் பானைகளின் வரிசையிலேயே வைக்க வேண்டும் போலிருந்தது. கால்கள் அதற்கும் தயாராகத்தான் இருந்தன.

"பொற்கொடி!"

மாமா. படுத்ததிலிருந்து அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே சர்வீஸை முடித்தவரின் குரல் அது. வராண்டா வரை கேட்டிருக்கும்.

"தண்ணி கொண்டா. டம்ளர்ல வாணாம். சொம்புல கொண்டா."

நிறைத்துக்கொண்டு ஓடினேன். தலையைத் தூக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டு, சொம்பின் கழுத்தை இடது கையால் அவரே பற்றிக்கொண்டார். விடவில்லை. வந்தவர்களை அழைத்துக்கொண்டு செங்குட்டுவன் அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"அப்பா, மெதுவா. பொறையேறப் போவுது."

மாமா நிறுத்தவில்லை. கோணிய பக்கம் வழிந்த தண்ணீர் கழுத்தில் இறங்கி, பனியனை நனைத்து, விரிப்பில் பரவிக்கொண்டிருந்தது. வந்திருந்த பெண் பாதி கும்பிட்ட கைகளோடு நின்றாள். மாமாவின் தொண்டை எலும்பு ஏறி ஏறி இறங்கியது. சொம்பின் விளிம்புக்கு மேலே அவருடைய இரண்டு கண்களும் மகனையே பார்த்துக்கொண்டிருந்தன.