மல்லாட்டைக் கடை மண்ணில் உயிர் உண்டா?

1

இந்தக் கதை என் அக்கா மகள் சங்கவி சொன்னது. விழுப்புரத்தில் மண்ணில் வாழும் நுண்ணிய பூச்சிகளை ஆராய்கிறாள். நான் சேர்த்தவை அடைப்புக்குறிகள் மட்டும். (இதுவும் முழு உண்மை இல்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘திண்டிவனம் சாலையோரம், ஒரு பிடி மண்ணுக்குள், எட்டுக்கால் உண்ணி ஒன்று காதல் வயப்பட்டு...’

வேண்டாம். கடுகில் பாதிகூட இல்லாத உண்ணிக்கு எதற்குக் காதல்? மனிதர்களின் காதலே எனக்குச் சரியாக எழுத வரவில்லை.

2

திண்டிவனத்தில் பழைய பஸ் நிழற்குடை ஓரம் சவுரியம்மாள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்து விற்கிறார். சங்கவி அங்கே குனிந்து மண் அள்ளியபோது, கடையைத் தூக்க அளவெடுக்க வந்தவள் என்று பயந்துவிட்டார். வேறிடத்து மண்ணில் பிடித்த பூச்சிகளை இவள் லென்ஸில் காட்டிச் சமாதானப்படுத்தினாள். பார்த்துவிட்டு, இதற்கா உன்னைப் படிக்கவைத்தார்கள் என்று கேட்டாராம்.

(சங்கவியின் அம்மாவும் இதையே கேட்பாள்.)

3

பிறகு ஒருநாள் நடைபாதைக் கல் பதிக்க மேஸ்திரி மாசிலாமணி ஆட்களோடு வந்தார். கல் வந்தால் கடை போய்விடும். சவுரியம்மாள் நகரவில்லை.

“இந்த மண்ணுல உசுருங்க இருக்குது. ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காங்க. அந்தப் பொண்ணக் கேட்டுட்டுக் கைய வைங்க.”

ஆராய்ச்சி என்றதும் மாசிலாமணிக்குப் பயம் வந்துவிட்டது. போன் போட்டு சங்கவியை வரவழைத்தார்.

சங்கடம் இங்கேதான். அந்த மண்ணை அவள் ஏற்கெனவே சோதித்திருந்தாள். சாலையின் மற்ற இடங்களில் உண்ணிகளும் வாலால் துள்ளும் பூச்சிகளும் ஏராளம். இங்கே ஒன்றுகூட இல்லை. மல்லாட்டை அவித்த உப்புத்தண்ணீரைச் சவுரியம்மாள் வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டிவந்தார்.

“உயிர் இருக்குதாம்மா?” என்றார் மாசிலாமணி.

4

சங்கவி உண்மையைச் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். கதை நேர்மையாக முடிந்தது, கடை இல்லாமல். கடைசி நேரத்தில் ஒரே ஒரு உண்ணி ஊர்ந்து வருவதாக இன்னொன்று எழுதி... வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். “இருக்குதுங்க” என்றாள். மாசிலாமணி கடையடி மண்ணை விட்டுவிட்டுச் சுற்றிலும் கல் பதித்தார்.

ஆட்கள் போனதும், இந்த மண்ணில் இருக்கும் பூச்சிகளை எனக்கும் காட்டு என்று சவுரியம்மாள் ஆசையாகக் கேட்டார். சங்கவியால் பொய்யைத் தொடர முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியாமத்தானே ஊத்துனீங்க?”

“இப்பத் தெரிஞ்சிடுச்சே பாப்பா.”

(இதற்குச் சங்கவி சொல்ல என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. மூன்றும் எழுத்தாளன் பேசுவதுபோலவே இருந்தன.) அன்றைய பானை வெந்து இறங்கிவிட்டது. சாக்கடை சாலைக்கு அந்தப்பக்கம், நடுவே லாரிகள். சவுரியம்மாள் உப்புத்தண்ணீர்ப் பானையைத் தூக்கிவிட்டார். எந்தப்பக்கம் திரும்பினார் என்பதைச் சங்கவி சொன்னாள், நான் எழுதப்போவதில்லை. பானை கனமானது, சீக்கிரம் முடிவு செய்யுங்கள்.