செலவில்லாத சீர்

“எங்களுக்கு ஒண்ணுமே வேண்டாம்” என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னதும் தையல்காரர் உஷாரானார்.

காரணம் உண்டு. மூத்த மகளுக்கு வாய்த்த சம்பந்தியும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதையேதான் சொன்னார். ஒரு மாதம் கழித்துக் கட்டிலும் பீரோவும் கேட்டார்கள். பீரோ வாசல் வழியாக வரமாட்டேன் என்று அடம்பிடிக்கவே கதவைக் கழற்றினார்கள். கழற்றிய பிறகுதான் கதவு நல்ல மரம் என்று தெரிந்தது. அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டு முன்னறைக்குக் கதவு கிடையாது. கடையில் மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திரைதான்.

ஆனால் இப்போது வந்திருப்பவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். வரதட்சணையை எதிர்த்து அவர் பேசாத மேடை கிடையாது. மேடை கிடைக்காத நாளில் பேருந்து நிறுத்தத்தில் பேசுவார். பேருந்து வந்தாலும் விடமாட்டார், கூடவே ஏறிப் பேசுவார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஊரே அவருக்குச் ‘சீர்திருத்தம்’ என்று பெயர் வைத்துவிட்டது.

சீர்திருத்தம் தேநீரை ஊதிக் குடித்தார். தங்கம் வேண்டாம், வண்டி வேண்டாம், பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்து, “ஒரே ஒரு சின்ன விஷயம்” என்றார்.

தையல்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். கழற்றுவதற்கு அதுதான் பாக்கி.

விஷயம் இதுதான். தையல்காரரின் இளைய மகள் பல்கலைக்கழகத்தில் எங்கோ வடக்கே கிடக்கும் ஒரு பனி நாட்டின் மொழியையும், அதன் மண்ணையும் மக்களையும் பற்றிப் படிப்பவள். அயல்மொழி படிப்பவர்களில் ஒருவருக்கு ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் ஃபெலோஷிப் கொடுக்கும். போக்குவரத்து, தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஓராண்டு அந்த நாட்டிலேயே இருந்து படித்துவிட்டு வரலாம். இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். இவள் முதலாவதாக வந்தாள். இவளோடு படிக்கும் சீர்திருத்தத்தின் மகன், அதாவது மாப்பிள்ளை, இரண்டாவதாக வந்தார். இரண்டு பேர் ஓடுகிற பந்தயத்தில் இரண்டாவதாக வருவது ஒன்றும் பெரிய பாடில்லை. முதல் ஆள் வேண்டாம் என்றால் அடுத்த ஆளுக்குப் போகும்.

“ஒரே வீட்டுக்குள்ள எதுக்கு சம்பந்தி போட்டி? பொண்ணு கொஞ்சம் விலகிக்கிட்டா போதும். யார் போனா என்ன, ஒரே குடும்பம்தானே.”

திரைக்குப் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். “யார் போனாலும் ஒண்ணுதான்னா சரி மாமா. நானே போயிட்டு வந்துடறேன்.”

மாப்பிள்ளை அப்போது பார்த்து பிஸ்கட்டைக் கடித்தார். அந்தச் சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே குளிர் எலும்பைக் கடிக்குமாம், பெண்பிள்ளை உடம்புக்கு ஆகாதாம். குளிர் ஆண் பெண் பார்த்துத்தான் கடிக்கும் என்பது தையல்காரருக்கு அன்றுதான் தெரியும்.

தெரிந்து என்ன பயன்? அவர் மனசுக்குள் அதற்குள் மத்தளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கதவு போகாது, ஜன்னல் போகாது, கையை விட்டு ஒரு குண்டூசிகூடப் போகாது, பெண் கரையேறிவிடுவாள். இப்படி ஒரு சீர் உலகத்தில் இருப்பதே தெரியாமல் மூத்தவளுக்கு அவ்வளவு கொட்டிக் கொடுத்தோமே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. மகளைத் திரும்பிப் பார்க்காமல், “அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு” என்றார். சமையலறையில் அவர் மனைவி ஏதோ ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள்.

விருந்தாளிகள் போன பிறகு மகள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பார்.

“அக்காவுக்குக் குடுத்த பீரோ நீங்க வாங்கினது. குடுத்தீங்க, சரி. இது யாரோடதுப்பா?”

அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டார். ஃபெலோஷிப் அடுத்த வருஷமும் வரும், நல்ல மாப்பிள்ளை வருவாரா என்றார்.

“வராதவன் போகட்டும்” என்று மனைவி அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

விலகுவது அவ்வளவு சுலபமாகவும் இல்லை. துறைத் தலைவி ஒரு வயதான அம்மாள். அவருடைய அறைக்குள் மாணவர்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பனி நாட்டு மொழியில்தான் சொல்ல வேண்டும். விடுப்புக் கேட்பதும் அதில்தான், குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதும் அதில்தான். அந்த வராந்தாவில் வாழ்ந்த பூனைகூட நாளடைவில் அந்த மொழியில்தான் கத்தியது என்பார்கள். ஃபெலோஷிப் வேண்டாம் என்றாலும் நேரில் வந்து, அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தையல்காரரே மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனார். சீர்திருத்தம் எதையும் நம்பி விடுகிறவர் இல்லை. மகனையும் கூட்டிக்கொண்டு, கண்ணால் பார்க்கத் தானும் வந்துவிட்டார்.

மகள் பேச ஆரம்பித்தாள். பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்ற ஒரு சொல்லுக்கு அந்த நாட்டில் இவ்வளவு நீளமா என்று தையல்காரர் மலைத்துப்போனார். குளிரில் வாயைத் திறந்தால் மூடமுடியாதோ என்னவோ. சீர்திருத்தம் அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் தலையை ஆட்டினார்.

துறைத் தலைவி மாப்பிள்ளைப் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று ஆண்டுப் படிப்பில் மாப்பிள்ளை கை நழுவவிடாத சொல் ஒன்று இருந்தது. அதைத் தெம்பாகச் சொன்னார். அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கி இன்னொன்றும் கேட்டார். அதற்கும் அதே சொல்.

அம்மாள் எழுந்து வந்து பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

தையல்காரர் ஆயுள் முழுக்க மனிதர்கள் நிற்பதையும் உட்காருவதையும் பார்த்து வயிறு வளர்த்தவர். வேண்டாம் என்று சொல்கிறவளுக்காக யாரும் நாற்காலியை விட்டு எழுந்து வரமாட்டார்கள். அவர் மகளைப் பார்த்தார். மகள் சுவரில் மாட்டியிருந்த பனி நாட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார்.

“என்ன சொன்னா சம்பந்தி?” என்று காதோரம் சீர்திருத்தம் கேட்டார்.

திறந்த வாயைத் தையல்காரர் மூடிக்கொண்டார். பிறகு, “நமக்கு ஏது சம்பந்தி அந்த மொழியெல்லாம்? உங்க பையனைக் கேளுங்க” என்றார்.

“எல்லாம் சரியாத்தான் சொன்னா” என்றார் மாப்பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் மகளை உட்காரவைத்துக் கேட்டார்.

“போறேன்னு சொன்னேன். இவருக்காக என்னை விலகச் சொல்றாங்கன்னும் சொன்னேன். இவ போறதுல உங்களுக்குச் சம்மதமான்னு மேடம் அவரைக் கேட்டாங்க. ஆமாம்னார்.”

“அப்புறம் கேட்டாங்களே?”

“அப்ப உங்க பேரை எடுத்துடலாமான்னு கேட்டாங்க. அதுக்கும் ஆமாம்தான்.”

தையல்காரர் சிரித்த சிரிப்பில் அடுத்த தெருவில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. இனி இந்தப் பெண்ணுக்கு யார் வருவார்கள்? மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அங்கே குளிருமாமே, முதலில் அதைக் கவனி என்றாள். மறுநாள் அவர் கம்பளித் துணி வாங்கி வந்தார். வாழ்நாளில் அந்தத் துணியில் கத்தரி வைத்தவரில்லை.

அதற்குள் சீர்திருத்தம் மகனுக்குக் கிடைத்த ஃபெலோஷிப்புக்காகத் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டார். குன்றிமணித் தங்கம்கூட வாங்காமல் பெண் எடுக்கும் உத்தமர் என்று அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டமும் நடந்தது. இரண்டு மணி நேரம் பேசினார். கழுத்தில் மாலையோடு, மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு நேரே தையல் கடைக்கு வந்தார்.

மேசைமேல் தடித்த கம்பளிக் கோட்டு கிடந்தது. பொத்தான் மட்டும் பாக்கி.

“மாப்பிள்ளைக்கா? எதுக்கு சம்பந்தி வீண் செலவு?” என்று சொல்லிக்கொண்டே சீர்திருத்தம் அதை இரண்டு கையாலும் எடுத்து மகனுக்கு மாட்டினார். கை முழங்கையோடு நின்றது. முதுகு இறுக்கிப் பிடித்தது. மாப்பிள்ளை போலீசில் பிடிபட்டவர் மாதிரி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். இறக்க முடியவில்லை.

“அளவு தப்பாயிடுச்சே அண்ணா” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “தோள் இத்தனூண்டா இருக்கு?”

தையல்காரர் உதட்டில் கவ்வியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார்.

“அளவெல்லாம் சரிதாம்மா. போறவ தோள் அவ்வளவுதான்.”

சீர்திருத்தம் மகனைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் கைகள் மேலேயே நின்றன.

“மெதுவாக் கழட்டச் சொல்லுங்க” என்றார் தையல்காரர். “தையல் விட்டுடப் போகுது. நாளன்னிக்கு அவ போட்டுக்கிட்டுப் போகணும்.”