கடைசி வெடி கேட்ட நேரம்

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் கிடத்தித்தான் வீரகத்தியைக் கொண்டுவந்தார்கள். காலை எட்டு மணி. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் இல்லை. பாரிசவாதம் என்று சொல்ல டொக்டர் வரத் தேவையிருக்கவில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்து அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாகத் தாதி உதவியாளராக இருக்கும் தயாளினி வாசலிலேயே கண்டுகொண்டாள்.

டொக்டர் வந்ததும் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்ப நல்லா இருந்தவர்?"

"ஆறு மணிக்கு," என்றாள் மனைவி விமலேஸ்வரி. "வயல் கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டு போனனான். குடிச்சு, என்னோடை கதைச்சவர். பிறகுதான் விழுந்தவர்."

டொக்டரின் முகம் தெளிந்தது. மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் விழுந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். பெரியாஸ்பத்திரி ஒன்றரை மணித்தியால ஓட்டம். பத்தரைக்குள் ஊசி ஏறினால் மனிதன் திரும்பவும் நடக்கலாம், பேசலாம். அவர் அம்புலன்சுக்குச் சொல்ல ஓடினார்.

தயாளினிக்கு வந்தது அவளுக்கு என்றும் வருகிற வேலைதான். துடைத்து உடுப்பு மாற்றுவது. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஸ்கான் படத்தைப் பார்ப்பார்கள். அவள் தோலைப் பார்க்கிறவள். வீரகத்தியின் இடுப்புச் சாரத்தை அவிழ்த்தாள். மூத்திரம் போய், அது காய்ந்து, துணி விறைத்திருந்தது. வலது இடுப்பெலும்பின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு தடம், நடுவில் கொப்புளம். பெருவிரலால் அமத்தி எடுத்தாள். அமத்திய இடம் வெளிறவேயில்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. எத்தினை மணிக்கு விழுந்தவர்?"

"ஆறு எண்டு சொன்னனானே!"

"இது கனநேரம் ஒரே பக்கமாக் கிடந்த உடம்பு. ஆறு மணிக்கு விழுந்த ஆளுக்கு இப்பிடி வராது."

தயாளினி வேறு மாதிரிக் கேட்டாள். "கடைசியா இவரின்ரை வெடி எப்ப கேட்டது?"

அந்தப் பக்கத்தில் பிறந்தவளுக்குத்தான் அப்படிக் கேட்கத் தெரியும். கதிர் முற்றினால் ஆண்கள் வயல் கொட்டிலில் காவல். யானை வந்தால் வெடி கொளுத்தி எறிவார்கள். எது யாருடைய வெடி என்று வீட்டில் படுத்திருக்கிற பெண்களுக்குத் திசையை வைத்தே தெரியும்.

"ஒரு மணியிருக்கும்," என்றாள் விமலேஸ்வரி. குரல் உடைந்தது. "பிறகு ஒரு சத்தமுமில்லை. யானை திரும்பிப் போட்டுது எண்டு நினைச்சன். கனநாளைக்குப் பிறகு நிம்மதியா நித்திரை கொண்டனான், பிள்ளை. ஆறு மணிக்குப் போய்ப் பாத்தா இந்தக் கோலம். நேரம் பிந்தினா ஊசி போடமாட்டினம். போன வருசம் என்ரை தமையனுக்கும் அப்பிடித்தான் கையை விரிச்சவை. சொல்லிப்போடாதை, உன்னைக் கும்பிட்டன்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்கிற ஊரில், புருசனுக்காக ஒரு பொய் சொன்னவளை யார் குறை சொல்வது? தயாளினிக்கும் பேசாமல் இருந்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காலம் கடந்து அந்த ஊசி ஏறினால் மூளைக்குள் இரத்தம் பெருகிவிடலாம். கையையும் காலையும் கேட்கப்போய் உயிரைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதாகும். அவள் எழுந்துபோய் டொக்டரிடம் சொன்னாள்.

டொக்டர் எழுதிய நேரத்தை வெட்டி, ஒரு மணி என்று எழுதினார். அம்புலன்ஸ் போனது, ஆனால் ஊசிக்காக அல்ல. ஏறும்போது விமலேஸ்வரி திரும்பிச் சொன்னாள்: "என்ரை மனிசன்ரை கையையும் காலையும் நீதான் எடுத்தனி."

அந்தச் சொல் தயாளினியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

பன்னிரண்டு நாளில் வீரகத்தியைத் திருப்பி இங்கேயே அனுப்பினார்கள். உயிர் இருந்தது, வலது பக்கமும் பேச்சும் வரவில்லை. தயாளினி அவருடைய இடது கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினாள். பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் தட்டினார். தண்ணீருக்கு ஒருமுறை, புரட்டிப் படுக்கவைக்க இரண்டுமுறை என்று நாளடைவில் பழகிக்கொண்டார். விமலேஸ்வரி ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து வந்தாள். தயாளினியோடு மட்டும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஒரு மத்தியானம் விமலேஸ்வரி குழாயடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வெகுநேரமாகத் தட்டும் சத்தம் இல்லை. கோப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். வீரகத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. அதன்மேல் ஈரக்கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

பிறகு, பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த தயாளினியைப் பார்த்தாள்.

"சத்தம் இல்லாட்டி இப்ப பயமாக் கிடக்கு, பிள்ளை," என்றாள்.