இமை மூடிய பந்து

பந்து வந்து சேரும் நொடியில் மார்லிஸின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மே மாதம் ஒரு பந்து மட்டையின் விளிம்பில் உரசி அவளுடைய கவசத்தின் முகக்கம்பியில் மோதியதிலிருந்து இந்தத் தொல்லை. மினசோட்டாவின் சின்ன ஊர்களில் பல வருஷமாக பேஸ்பால் அம்பயராக நின்றவள், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று ஹார்லோவுக்கும் நெல்ஸ்பர்குக்கும் ஆட்டம். ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். தளங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்பயர் கார்டியிடம், இன்றைக்கு இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தாள். தன் முழங்காலைக் காட்டி, குனிந்தால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும் என்று சிரித்தான் அவன். வேறு வழியில்லாமல், மட்டையாளர் நிற்குமிடத்தில் பதித்திருக்கும் வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் போய் நின்றாள்.

நிற்பதற்கு ஒரு முறை உண்டு. கால்களை அகட்டி இறங்கி, பந்தைப் பிடிக்கக் குந்தியிருக்கும் கேட்சரின் தோளுக்கும் மட்டையாளருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தலையை வைக்க வேண்டும். அங்கிருந்தால் தட்டு முழுவதும் தெரியும். பயம் அவளை அங்கே நிற்க விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, நிமிர்ந்துகொண்டே போனாள். தாழ்ந்து வரும் பந்தை கேட்சரின் முதுகு மறைத்தது.

நெல்ஸ்பர்கின் கேட்சர் டூவி பெக்காரெக், பால் லாரி ஓட்டுபவன். திரும்பாமலே சொன்னான்:

"மார்லிஸ், இன்னும் பின்னாடி போனீங்கன்னா டிக்கெட் வாங்கிட்டுத்தான் உக்காரணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹார்லோவின் கடைசி வாய்ப்பு. நெல்ஸ்பர்க் ஒரே ஓட்டம் முன்னால் இருந்தது. இன்னும் ஒருவர் அவுட்டானால் முடிந்தது. ஆனால் மூன்று தளங்களிலும் ஹார்லோ ஆட்கள். அடுத்த பந்து தட்டுக்கு நேராக, முழங்காலுக்கு மேலே வந்து ஸ்டிரைக் ஆனால் ஆட்டம் நெல்ஸ்பர்குக்கு. விலகியோ தாழ்ந்தோ போய் பால் ஆனால் மட்டையாளர் சும்மா முதல் தளத்துக்கு நடப்பார், மூன்றாம் தளத்தில் நிற்பவர் தட்டுக்கு வந்து ஓட்டம் சமமாகிவிடும்.

பந்து வந்தது. மட்டையாளர் தொடவில்லை. மார்லிஸுக்கு ஒரு இருட்டு. அதற்குப் பிறகு கையுறையில் 'பொத்'தென்ற சத்தம். மைதானமே அவள் வாயைப் பார்த்தது.

"பால்," என்றாள். பார்க்காததை ஸ்டிரைக் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

நெல்ஸ்பர்க் பெஞ்ச் கத்தியது. அவள் முன்னால் போய்த் தட்டின் மண்ணைத் துடைத்தாள். டூவி கால் பட்டையைச் சரி செய்வதுபோல் பக்கத்தில் குந்தினான்.

"அது நல்ல பந்து. எங்க போச்சுன்னு பாத்தீங்க?"

கீழே போனது என்று சொல்லியிருக்கலாம்.

"பாக்கல டூவி. கண்ணு மூடிக்கிச்சு."

அவன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். கோச் ஒரு காலை மைதானத்துக்குள் வைத்திருந்தார். டூவி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பெயர் மாவட்டம் முழுக்க நாறிவிடும். அவன் பட்டையை இழுத்து மாட்டினான்.

"மே மாசம் அடி பட்டதுலேருந்தா?"

தலையாட்டினாள்.

"முன்னாடி வாங்க. என் முதுகுல இடிச்சாலும் பரவாயில்ல. ஒழுங்காப் பாருங்க, அது போதும்."

அவன் வியர்வை வாடை அடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றாள். ஒரு பந்து மட்டையில் உரசி அவள் தோளில் பட்டு, வலி விரல் நுனிவரை இறங்கியது. கண் மூடத்தான் மூடியது. ஆனால் பட்ட பிறகு.

அடுத்த மட்டையாளரிடமும் அதே நிலைமை. ஓட்டம் இப்போது சமம், ஸ்டிரைக் என்றால் ஆட்டம் நீளும். பால் என்றால் ஹார்லோ ஜெயிக்கும். பந்து பிட்சரின் கையை விட்டதிலிருந்தே தெரிந்தது. சிவப்புத் தையல் சுழல, இறங்கி, மட்டையாளரின் முழங்காலுக்குக் கீழே கடந்தது. டூவியின் கையுறை அதை நல்ல பந்துபோல் காட்ட நைசாக மேலே தூக்கியது. ஸ்டிரைக் என்றால் யாரும் பெரிதாகக் கேட்கப் போவதில்லை. அவனுக்கு அவள் கடமைப்பட்டிருந்தாள்.

"பால்."

ஹார்லோக்காரர்கள் வேலி தாண்டி ஓடிவந்தார்கள். டூவி குந்திய இடத்திலேயே இருந்தான்.

"கீழதான்," என்றான் கடைசியில். "ரெண்டு விரக்கடை." முகக்கம்பியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

மார்லிஸ் நேரே நெல்ஸ்பர்க் கோச்சிடம் போய், ஓட்டத்தைச் சமமாக்கிய பந்தைத் தான் பார்க்கவில்லை என்று சொன்னாள். அவர் தொப்பியைத் தரையில் அடித்துத் திட்டித் தீர்க்கும்வரை நகராமல் நின்றாள். கண் சரியாகும்வரை தட்டுக்குப் பின்னால் தன்னைப் போட வேண்டாம் என்று லீக்கில் சொல்லிவிடும்படி கார்டியிடமும் கேட்டுக்கொண்டாள். காரில் ஏறியபோது பந்து பட்ட தோள் சாவியைத் திருக விடவில்லை. கார்டி ஓட்டுபவர் பக்கக் கதவுக்கு வந்து, அவளை நகர்ந்து உட்காரச் சொன்னான்.