பந்தலுக்குப் போன ஐம்பது வெள்ளி

போன தைப்பூசத்துக்கு, தண்ணீர்மலைப் பாதையில் போட்ட எங்கள் பந்தலுக்கு ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது ரிங்கிட், பிட்காயினில் நன்கொடை அனுப்பினேன். இணையவழி வேலை செய்து வாடிக்கையாளர்களிடம் நான் வாங்கிய வருமானம் முழுவதும் அந்த ஒரே பிட்காயின் முகவரியில்தான் இருந்தது. ஒரு முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியாது. பந்தல் பொருளாளர் கோகிலன் அண்ணன் பார்த்துவிட்டார். நாங்கள் இருவரும் படிக்கும் மாலை வகுப்பில் எல்லார் முன்னும், "ஒம்பதாயிரம் வெச்சிக்கிட்டு அம்பது வெள்ளிதானா லா, துளசி?" என்றார். மேற்படிப்புக்காக வீட்டுக்கும் சொல்லாமல் சேர்த்த பணம் அது.

இந்த ஆண்டு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புது முகவரி கொடுத்தேன். அதில் ஒன்றுக்கு வந்த ஐம்பது வெள்ளியை மட்டும் அப்படியே பந்தலுக்கு அனுப்பினேன். மூன்று முறை சரிபார்த்தும் பயம் போகவில்லை.

இன்று வகுப்பில் கோகிலன் அண்ணன் கைப்பேசியில் வெகுநேரம் துழாவினார்.

"அம்பது வந்துச்சு, அம்பது போச்சு. மிச்சம் எங்க தங்கச்சி?"

"தேடிப் பாருங்கண்ணே."

வகுப்பே சிரித்தது. அவர் ரசீது எழுதி நீட்டினார்.