கடைசிப் பட்டையின் நிறம்

என் வீட்டுக்காரருக்குச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. பழைய மின்கருவிகளைப் பழுதுபார்க்கிறவருக்கு இப்படி ஒரு குறை என்று வெளியே தெரிந்தால் பிழைப்பில் மண் விழும். அதனால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரைக் கையில் எடுத்தாலே என்னைக் கூப்பிடுவார். மேலிருந்து கீழே அதில் இருக்கும் ஐந்து பட்டைகளின் நிறத்தை நான் சொல்லச் சொல்ல, அவர் மனசுக்குள் கணக்குப் போடுவார். மேல் மூன்றும் அது தேக்கும் அளவு. நாலாவது, அந்த அளவு எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்பது. கடைசிப் பட்டைதான் எத்தனை வோல்ட் தாங்கும் என்பது. சிவப்பென்றால் இருநூற்றைம்பது, பழுப்பென்றால் வெறும் நூறு. கூடப் பிறந்த தங்கையிடம்கூட இதைப்பற்றி நான் மூச்சுவிட்டதில்லை.

இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சண்டைக்குக் காரணம் ஒன்றுமில்லை, வீம்பு மட்டும் இருவருக்கும் மலையளவு.

கத்தரிக்கோல் தேடிப் பட்டறைக்குள் போனேன். தங்கை வீட்டிலிருந்து பழுதாகி வந்திருந்த என் அப்பாவின் மூச்சுக் கருவி மேசையில் இல்லை. என்னைக் கூப்பிடாமலேயே சரிசெய்து கொண்டுபோய்விட்டார். கழற்றிப் போட்ட கெபாசிட்டர் வீங்கிக் கிடந்தது. பழுப்பு, கருப்பு, மஞ்சள், வெள்ளை, கடைசியில் சிவப்பு. பக்கத்தில் புதியவை இருந்த டப்பா. மிச்சமிருந்த எல்லாவற்றிலும் கடைசிப் பட்டை பழுப்பு. மீட்டரில் வைத்துப் பார்த்திருப்பார். மீட்டர் அளவைச் சொல்லும், எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

எடுக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டேன்.

"அப்பா எப்படிடி இருக்காரு?"

"இப்பதான் மெஷினை மாட்டினோம். நிம்மதியா தூங்குறாரு. மாமா கைராசியே ராசிக்கா."

"உடனே அதை அணைச்சிட்டு ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டு. அவர் தப்பானதைப் போட்டிருக்காரு. அவருக்கு நிறம் தெரியாதுடி."

சிரித்தாள். "உங்க சண்டைக்கு ஒரு அளவு வேணாமா? நிறம் தெரியாமலா இத்தனை வருஷமா கடை நடத்துறாரு?"

"நான்தான் பார்த்துச் சொல்லுவேன். அவர்கிட்டயே கேளு!"

கேட்டாள். அவர் குரல் தள்ளி, ரொம்ப அமைதியாகக் கேட்டது.

"கோவத்துல ஏதோ உளறுறா. விடும்மா."

பொய் சொல்லும்போது மட்டும்தான் அவர் அவ்வளவு அமைதியாகப் பேசுவார்.

"சத்தியமா சொல்றேன், அணைடி!"

"அப்பா முழிச்சுக்குவாருக்கா. சாயங்காலம் நேர்ல வா, பேசிக்கலாம்." சட்டென்று நிறுத்தினாள். "இரு. மாமா, அது என்ன கருகுற வாடை?"